பெயர் எழுதாத ஞானஸ்நானம்

2002 அக்டோபர் 5ஆம் தேதி கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தபோது, பெரியபாளையத்துக்கு வெளியே எங்கள் காலனிச் சபைக்கு ஆஸ்தி என்று இருந்தவை ஓர் ஓலைக்கொட்டகை, ஒரு டோலக், கரகரக்கும் மைக் செட், ஒரு நீள நோட்டு. அந்த நோட்டுதான் ஞானஸ்நானப் பதிவேடு. ஐ.டி.ஐ. முடித்துக் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். அதனால் பதிவேட்டைப் பாஸ்டர் ஐயா என்னிடம் விட்டிருந்தார். அவர் செங்கல் சூளையில் மேஸ்திரியாக இருந்து ஊழியத்துக்கு வந்தவர். எழுதுவதென்றால் அவருக்குக் கசப்பு.

மறுநாள் ஞாயிறு. ஆராதனை முடிந்ததும் பேப்பரை விரித்து என்னைப் படிக்கச் சொன்னார். பலவந்தம் செய்தோ ஆசை காட்டியோ ஏமாற்றியோ மதம் மாற்றினால் மூன்று ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் வரை அபராதம். யாரை மதம் மாற்றினாலும், அந்தச் சடங்கைச் செய்தவர் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும். தெய்வக் கோபம் வரும் என்று மிரட்டுவதும் பலவந்தக் கணக்கில் சேருமாம். ஐயா தலையைச் சொறிந்தார். நரகம் இல்லாமல் அவருக்குப் பிரசங்கமே வராது. இதில் எனக்கு உள்ளூரச் சிரிப்பு. ஆடி மாத ஞாயிறுகளில் பவானி அம்மனுக்கு நேர்ந்துகொண்டு, உடம்பில் வேப்பஞ்சேலை கட்டிக் கோயிலைச் சுற்றி வருகிற கூட்டத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். சாமிக்குப் பயப்படுவதைச் சட்டம் போட்டு நிறுத்தினால் எங்கள் ஊர்க் கடைத்தெருவில் பாதிக் கடையைச் சாத்த வேண்டியதுதான். எங்கள் சபைப் பெண்களிலேயே சிலர் ஆடியில் வேப்பிலைக் கட்டு விற்றுத்தான் பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்கினார்கள். ஐயாவும் கண்டும் காணாமல் இருந்தார்.

சிரிப்பை அடக்கியது அடுத்த வரி. மாற்றப்படுகிறவர் பெண்ணாகவோ, சிறுவராகவோ, தாழ்த்தப்பட்ட அல்லது பழங்குடி வகுப்பினராகவோ இருந்தால் நான்கு ஆண்டு, ஒரு லட்சம். முன்வரிசையில் பாயில் உட்கார்ந்திருந்த அம்மா ஒருவர் கேட்டார்: “இன்னாப்பா, எங்க பேரச் சொன்னா மட்டும் ஒரு வருசம் ஜாஸ்தியா? எங்களுக்குப் புத்தி கம்மின்னு அர்த்தமா?” சூளையில் கல் அறுத்து மூன்று பெண்பிள்ளைகளைக் கட்டிக் கொடுத்தவர் அவர். அதற்குப் பிறகு இந்தச் சட்டத்தைப் பற்றி எத்தனையோ பெரிய மனிதர்கள் மேடையில் பேசிக் கேட்டிருக்கிறேன். அந்தக் கேள்வியை அவ்வளவு நேராக யாரும் கேட்கவில்லை.

அக்டோபர் 24ஆம் தேதி சட்டத்தை எதிர்த்துத் தமிழ்நாடு முழுவதும் சிறுபான்மையினர் நடத்தும் பள்ளி கல்லூரிகளை மூடினார்கள். சென்னையில் ஆயர்கள், பேராயர்கள், முஸ்லிம் தலைவர்கள் எல்லாரும் சேர்ந்து உண்ணாவிரதம். கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ., பெந்தெகொஸ்தே என்று ஒருவர் வாசலை ஒருவர் மிதிக்காதவர்கள் அன்று ஒரே பக்கம் நின்றார்கள். மூடுவதற்கு எங்களிடம் பள்ளிக்கூடம் இல்லை. கொட்டகையிலேயே உபவாச ஜெபம் வைத்தோம். நைட் ஷிப்ட் முடித்து நேராக வந்த நான் பாதி ஜெபத்தில் கண்ணயர்ந்தேன்.

மத்தியானம் கடைத்தெரு டெய்லர் ஒருவர் வந்து பின்னால் உட்கார்ந்தார். கறுப்புச் சட்டைக்காரர். திருவிழாக் காலத்தில் அம்மனையும் கிறிஸ்துமஸில் எங்களையும் ஒரே தட்டில் வைத்துக் கிண்டல் செய்கிறவர். பையிலிருந்து அரசியல் சட்டத் தமிழ்ப் புத்தகத்தை எடுத்து, 25ஆவது பிரிவை வாசிக்கலாமா என்று கேட்டார். மூப்பர் ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டது: “நாஸ்திகனா சபையில நின்னு பேசுறது?” ஐயா கொஞ்சம் யோசித்துவிட்டுக் கையைக் காட்டினார். டெய்லர் வாசித்தார், உட்கார்ந்தார். “சாமி இல்லன்னு சொல்ல எனக்கு இருக்குற உரிமை, இருக்குன்னு சொல்ல உங்களுக்கும் இருக்கணும். நாளைக்கு என்னையும் கலெக்டர்கிட்டச் சொல்லிட்டுத்தான் நாஸ்திகன் ஆவணும்னா?” அவ்வளவுதான் பேச்சு. மதச்சார்பின்மை சபைக்கு எதிரி என்று வெளிநாட்டுப் பிரசங்கிகளின் கேசட்டில் கேட்டுப் பழகியிருந்தோம். எங்கள் கொட்டகைக்குள் அது தையல் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு வந்தது.

31ஆம் தேதி சட்டமன்றத்தில் அவசரச் சட்டத்துக்குப் பதிலான மசோதா நிறைவேறியது. சபையில் அப்போது ஐந்து பேர் ஞானஸ்நானத்துக்குக் காத்திருந்தார்கள். வழக்கமாக மோட்டார் கொட்டகைத் தொட்டியில்தான் கொடுப்போம். நிலத்துக்காரர், “எதுக்குப்பா வம்பு, வேற எடம் பாத்துக்கங்க” என்று நல்லவிதமாகவே சொல்லிவிட்டார். ஐப்பசி மழையில் ஆரணியாற்றில், மணல் அள்ளிய பள்ளமொன்றில் இடுப்பளவு தண்ணீர் நின்றது. விடிவதற்கு முன் போனோம். பாட்டு இல்லை, டோலக் இல்லை. ஒரு டார்ச்சை ஆற்று மணலைப் பார்த்துப் பிடித்திருந்தேன். திரும்பி வரும்போது ஐயா சொன்னார்: “நோட்டுல எழுதாத. ஆண்டவருக்குத் தெரியும்.”

எழுதவில்லை. இதில் ஐவரில் இரண்டு பேருக்கு உள்ளூர நிம்மதி என்பதை அப்புறம்தான் கண்டுகொண்டேன். காரணம் 2002 சட்டம் இல்லை, 1950 உத்தரவு. குடியரசுத் தலைவரின் அந்த ஆணைப்படி இந்துவாக இருந்தால்தான் பட்டியல் சாதி. 1956இல் சீக்கியரையும் 1990இல் பௌத்தரையும் சேர்த்தார்கள், கிறிஸ்தவர் இன்றுவரை வெளியே. தமிழ்நாட்டில் மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போகிறார்கள். காலனிக்காரனின் தெரு மாறுவதில்லை, டீக்கடையில் அவனைப் பார்க்கிற பார்வை மாறுவதில்லை, ஊத்துக்கோட்டை தாலுகா ஆபீஸில் கொடுக்கும் சான்றிதழ் மட்டும் மாறிவிடும். மகளுக்கு விடுதி, மகனுக்கு வேலை எல்லாம் அந்தத் தாளில் இருக்கிறது. ஆகவே எங்கள் காலனியில் மனச்சாட்சிக்கு எப்போதோ விலை போட்டாகிவிட்டது. புதுச் சட்டம் அதன்மேல் போலீஸையும் சேர்த்தது. தலித் கிறிஸ்தவர் கோரிக்கைக்காகச் சபைகள் டெல்லி வரை போயிருக்கின்றன, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 2003 நவம்பரில் போப் இரண்டாம் ஜான் பால் தமிழ்நாட்டு ஆயர்களிடமே திருச்சபைக்குள் சாதி கூடாது என்று பேச வேண்டியிருந்தது. சாதிக்கொரு கல்லறை வைத்துக்கொண்டு சுதந்திரம் கேட்டால், கேட்கிற குரலில் ஒரு பிசிறு தட்டத்தானே செய்யும்?

2004 மே மாதம் மக்களவைத் தேர்தலில் அ.தி.மு.க. அணி ஓர் இடம்கூடப் பெறவில்லை. சில நாளிலேயே சட்டத்தை விலக்கிக்கொள்வதாக முதல்வர் ஜெயலலிதா அறிவித்தார். ஸ்தோத்திரக் கூட்டம், பிரியாணி எல்லாம் நடந்தது. டெய்லருக்கும் ஒரு பொட்டலம் போயிற்று.

அதோடு எல்லாம் தீர்ந்தது என்று வெளியில் இருப்பவர்கள் நினைக்கிறார்கள். கொட்டகையைச் சுவர் வைத்து ஆஸ்பெஸ்டாஸ் போடப்போனபோது ஒரு மொட்டை மனு. ஊராட்சிப் பகுதியில் வழிபாட்டுக் கட்டடம் கட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 1997 கட்டட விதிகளில் இருந்தது. விசாரிக்க வந்த அதிகாரி, “வீட்டுல ஜெபம் பண்ணுங்க, மைக் மட்டும் வேணாம்” என்றார். தெருமுனையில் எந்த அனுமதியும் இல்லாமல் மற்றவர்கள் எழுப்பிய சின்னக் கட்டடத்தைக் காட்டினோம். அதை அவர் பார்க்கவில்லை. மைக் இல்லாமலே பல வருடம் ஓடியது.

2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், நம்பிக்கையோடு கிறிஸ்தவராக இருந்துகொண்டு சலுகைக்காக இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவது என்றது. அந்த வழக்கில் ஞானஸ்நானப் பதிவும் சாட்சியாக நின்றது. செய்தி வந்த வாரமே எங்கள் சபை இளைஞர்கள் என்னைத் தேடி வந்துவிட்டார்கள், பழைய நோட்டில் அவர்கள் பெயர் இருக்கிறதா என்று பார்க்க. வேதாகமக் கல்லூரியில் படித்துவந்த இப்போதைய பாஸ்டருக்கு எழுதாமல் விடுவதில் சம்மதமில்லை. “எழுதலன்னா பொய் சொல்ற மாதிரிதாண்ணே” என்கிறார். சான்றிதழை இழக்கப்போகிறவர் அவர் அல்லர் என்று நானும் சொல்லிப் பார்த்துவிட்டேன். மூப்பர் கூட்டத்தில் இன்னும் முடிவாகவில்லை.

இதற்கிடையில், ஆற்றில் அன்று முங்கிய ஐவரில் ஒருவர், அதே பாயில் உட்கார்ந்து கேள்வி கேட்ட அம்மா, போன மாதம் வந்தார். பேரப்பிள்ளைகள் வேலைக்குப் போய்விட்டார்கள். “எனக்கு இனிமே எந்த சர்டிபிகேட்டும் வேணாம். என் பேரப் பெருசா எழுதுப்பா.” எந்தத் தேதி போடுவது என்பதில் தகராறு. இன்றைய தேதியைப் போடலாம் என்கிறார் பாஸ்டர். 2002 என்றுதான் போட வேண்டும் என்று அந்த அம்மா ஒற்றைக்காலில் நிற்கிறார்.