வண்டிக்கு அடியில்

சென்ற ஆண்டு நம் கடற்கரைப் பங்கைச் சேர்ந்த இளைஞர் ஒருவர், மீன் ஏற்றிச் செல்லப் பழைய பிக்கப் வண்டியொன்று வாங்க விழைந்து நம்மைத் துணைக்கு அழைத்தார். தாயின் வளையல்களை அடகு வைத்துப் பெற்ற பணம். குருமடத்தில் நாம் இறையியல் பயின்றோமேயன்றி எஞ்சின் பயிலவில்லை. ஆகவே மெக்கானிக் ஒருவரையும் உடனழைத்துச் சென்றோம்.

வண்டி புதுப் பெயிண்டில் மின்னியது. மெக்கானிக்கோ எஞ்சின் மீது கை வைத்தார். சுட்டது. “நாம வர்றதுக்கு முன்னாடியே ஓட்டிச் சூடாக்கிட்டாங்க சாமி. நாளைக்குச் சொல்லாம வருவோம்” என்றார்.

மறுநாள், குளிர்ந்திருந்த எஞ்சின் நெடுநேரம் முரண்டிய பின் நீலப்புகை கக்கியது; ஆயில் எரிகிறதாம். வண்டிக்கு அடியில் படுத்துத் திருப்புளியால் சேஸிஸைக் குத்தினார். துரு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. மீன்பெட்டிகளிலிருந்து வடிந்த உப்புநீரின் வேலை. இத்தனைக்கும் எஃப்.சி. முடிய எட்டு மாதங்கள் இருந்தன!

பின்னர் கிடைத்தது காய்கறி ஏற்றிய, நசுங்கல் விழுந்த வண்டி. ஆர்.சி.யில் வங்கிக் கடன் பதிவாகியிருந்தது. வங்கியின் தடையின்மைச் சான்றும் 35 ஆம் எண் படிவமும் வரும்வரை பணம் தரவேண்டாமென்றோம். இளைஞருக்கு நம்மீது வருத்தமே.

இன்று அவ்வண்டி விடியுமுன் நம் இல்லத்தைக் கடந்து செல்கிறது. மாலைதோறும் அதன் அடிப்பாகத்தை அவர் நன்னீரால் கழுவுகிறார். வளையல்கள் இன்னும் மீளவில்லை.