உதவியாளர் நாற்காலி

ஜூன் 3, செவ்வாய்

இரண்டாமாண்டு பிஜி மாணவி ஒருத்தி இன்று என் தியேட்டருக்கு வந்து சேர்ந்தாள். வெட்லேபில் ஆட்டுக்கண்ணை வைத்துக் கை பழகியிருக்கிறாள். மனிதக் கண்ணில் இனிமேல்தான். கண்புரை அறுவையை நான் கடைசிப் படியிலிருந்துதான் சொல்லித் தருவது. முதலில் லென்ஸ் வைக்கட்டும். அது கைக்கு வந்ததும், பழைய லென்ஸில் மிஞ்சிய கார்டெக்ஸை உறிஞ்சி எடுக்கட்டும். லென்ஸ் பையின் முன்சவ்வை வட்டமாகக் கிழித்துத் திறக்கும் ரெக்ஸிஸ் எல்லாவற்றுக்கும் பிறகு. அங்கே பிசகினால் அடுத்து வரும் அத்தனை படிகளும் சிக்கலாகிவிடும்.

ஜூன் 19, வியாழன்

எங்கள் நோயாளிகள் பெரும்பாலும் விழித்திருப்பார்கள். கண்தான் மரத்திருக்கும், காது நன்றாகவே கேட்கும். “ஐயோ, அங்கே இல்லை!” என்று நான் வாய்விட்டால், படுத்திருக்கும் பாட்டிக்கு உயிரே போய்விடும். அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு: “பொறுமையா” என்றால் கையை நிறுத்து என்று அர்த்தம்.

“சார், உங்களுக்குக் கோபம் வந்தா எனக்கு எப்படித் தெரியும்?”

“தியேட்டர்ல தெரியாதும்மா. வெளிய வந்ததும் தனியாச் சொல்வேன்.”

ஜூலை 8, செவ்வாய்

இன்று ரெக்ஸிஸ். அந்த முன்சவ்வின் தடிமன் நடுவில் சுமார் 14 மைக்ரான்தான். பாதி வட்டம் ஒழுங்காக வந்தது. பிறகு கிழிசல் ஓரத்தை நோக்கி ஓடப் பார்த்தது. “பொறுமையா” என்றேன். நிறுத்தினாள். “விஸ்கோ” என்றேன். ஜெல்லை நிரப்பி, கிழிசலின் விளிம்பை மறுபடி பிடித்து, நடுவை நோக்கி இழுத்தாள். வட்டம் கூடியது. உதவியாளர் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தபடி, கையை மடியில் வைத்திருந்தேன். ஃபோர்செப்ஸை வாங்கியிருந்தால் நான் அரை நிமிடத்தில் முடித்திருப்பேன். அவளுக்கு எதுவும் வந்திருக்காது. கை மீறிப் போனால் வாங்கித்தான் ஆகவேண்டும், நோயாளியின் கண் பயிற்சியைவிடப் பெரிது. எந்தக் கணத்தில் வாங்குவது என்பதைக் கணிப்பதுதான் சீனியரின் வேலை. கேஸ் ஷீட்டில் பொறுப்பு மருத்துவர் என்று இருப்பது என் பெயர். அந்தத் தைரியத்தில்தான் அவள் கை நடுங்காமல் இருந்தது.

ஜூலை 12, சனி

டீ குடிக்கும்போது டாக்டர் வெங்கடசாமியைப் பற்றிப் பேச்சு வந்தது. முடக்குவாதத்தால் விரல்கள் கோணிப்போன பிறகும் அறுவை செய்யப் பழகிக்கொண்டவர். பணி ஓய்வு பெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். தங்கை நாச்சியாரையும் அவர் கணவர் நம்பெருமாள்சாமியையும் உடன் சேர்த்துக்கொண்டார். கிராமத்துப் பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்து, பரிசோதனையிலிருந்து தியேட்டர் ஏற்பாடு வரை அவர்களை நம்பி ஒப்படைக்கும் முறையும் அங்கே வேரூன்றியது. 2006இல் அவர் மறைந்தார். மருத்துவமனை அதன் பிறகும் வளர்ந்தது. தன் கைத்திறமையை மட்டும் அவர் நம்பியிருந்தால் இது நடந்திருக்காது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

வெட்லேப் பக்கம் போனேன். முதலாமாண்டுப் பையன் ஒருவன் ஆட்டுக்கண்ணோடு போராடிக்கொண்டிருந்தான். பக்கத்தில் அவள், கையைக் கட்டிக்கொண்டு. “லென்ஸ் வைக்கறதுல ஆரம்பி தம்பி, ரெக்ஸிஸ் அப்புறம்” என்றாள்.

அடுத்த மாதம் கண் முகாம் குழுவுக்கு அவளைப் பொறுப்பாளராகப் போடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டேன். நன்றாக அறுவை செய்பவர்கள் எங்கள் துறையில் பலர் உண்டு. இன்னொருவரைச் செய்ய வைப்பவரிடம்தான் குழுவை ஒப்படைக்க வேண்டும்.