"போகும்" என்று சொல்ல முன்னர்

என்னிடம் ஐசிடி படித்த மாணவர் ஒருவர் உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு, கல்யாண வீட்டு வீடியோ எடிட் பண்ணிக் கொஞ்சம் உழைக்கிறார். கட்டாரில் இருக்கும் நானா அனுப்பிய பழைய லெப்டொப்தான் அவரது மூலதனம்.

"சேர், டெஸ்க்டொப் கிரபிக்ஸ் கார்ட் ஒன்ற வெளியால மாட்டினா இதுல போகுமா?" என்று ஒருநாள் கேட்டார். வைஃபை கார்டைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மாட்டுகிற அடெப்டர் இருப்பது எனக்குத் தெரியும். யோசிக்காமல் "போகும் மகன்" என்று சொல்லிவிட்டேன்.

அந்த ஒரு சொல்லை நம்பி கார்ட், அடெப்டர், பவர் சப்ளை எல்லாம் வாங்கிவிட்டார். நாலைந்து கல்யாணத்தில் உழைத்த காசு.

என் வீட்டு மேசையில் வைத்து மாட்டினோம். விண்டோஸ் கார்டை அடையாளம் கண்டது. ஆனால் டிவைஸ் மெனேஜரில் மஞ்சள் முக்கோணம். கோட் 12, அதாவது கார்டுக்குத் தேவையான வளம் போதவில்லை. டிரைவரை அழித்து மூன்று தடவை போட்டுப் பார்த்தோம். மாற்றமில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருந்தது.

பிறகுதான் உட்கார்ந்து தேடி வாசித்தேன். பிழை கார்டில் இல்லை, லெப்டொப்பின் பயோஸில். லெப்டொப்பை ஓன் பண்ணியதும் விண்டோஸ் வர முன்னரே பயோஸ் ஒவ்வொரு பாகத்துக்கும் முகவரி ஒதுக்கிவிடுகிறது. பரீட்சை மண்டபத்தில் பிள்ளைகள் வர முன்னர் மேசைகளில் சுட்டெண் ஒட்டுகிறோமே, அது மாதிரி. பழைய லெப்டொப்கள் பலவற்றில் இந்த ஒதுக்கீடு முதல் 4 ஜிபி முகவரிக்குள்தான் நடக்கும். அதில் பெரும்பகுதி ரெமுக்குப் போய்விடும். கிரபிக்ஸ் கார்டோ பெரும்பாலும் 256 எம்பி இடத்தை ஒரே தொடராகக் கேட்கும். கடைசியாக வந்த பத்துப் பிள்ளைகள் ஒரே வரிசையில் இருக்கவேண்டும் என்றால் மண்டபத்தில் எங்கே இடம்?

டெஸ்க்டொப்கள் பலவற்றின் பயோஸில் "அபவ் 4ஜி டிகோடிங்" என்றொரு தெரிவு உண்டு. இவருடைய லெப்டொப்பில் அது இல்லை, புதிய பயோஸ் அப்டேட்டும் இல்லை.

கார்டை என் மச்சான் வீட்டுப் பழைய டெஸ்க்டொப்பில் போட்டோம். முதல் தடவையே வேலை செய்தது. இப்போது இரவில் அங்கே போய்த்தான் எடிட் பண்ணுகிறார். அடெப்டர் காசை நான் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை, வாப்பாவின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன்.

பெற்றோரே, பிள்ளைகளே, இப்படி ஏதும் வாங்க முன்னர் மூன்று விஷயம் பாருங்கள்.

1. சில லெப்டொப்களின் பயோஸ், கம்பனி அனுமதித்த வைஃபை கார்டைத் தவிர வேறெதையும் அந்த இடத்தில் ஏற்காது.

2. யூஎஸ்பி-சி துளை இருந்தால் மட்டும் போதாது. அது தண்டர்போல்டா என்று பாருங்கள். தண்டர்போல்ட் 3 என்றாலும் சில லெப்டொப்களில் நான்குக்குப் பதிலாக இரண்டு பாதைதான் இணைத்திருப்பார்கள், வேகம் குறையும்.

3. உங்களுடைய அதே மொடலில் ஒருவர் மாட்டி வேலை செய்ததா என்று தேடுங்கள். "இதே மாதிரி" என்பது கணக்கில் வராது.

ஆசிரியர் சொன்னால் பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் நம்புகிறார்கள். "தெரியாது மகன், பார்த்துச் சொல்றேன்" என்று அன்று நான் சொல்லியிருந்தால் அந்தக் காசு அவரிடமே இருந்திருக்கும்.