கோவளத்தில் மீன் வாங்கப் போனேன்!

கோவளம்னதும் கேரளாவுக்கு டிக்கெட் போட்டுடாதீங்க பாஸ்! இது நம்ம ஈ.சி.ஆர். கோவளம். சென்னையிலிருந்து சுமார் 40 கிலோமீட்டர். மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் ஏறி, கோவளத்தில் இறங்கி உள்ளே நடந்தா கடல். மணல் முழுக்க ஃபைபர் படகு, வலை, கருவாட்டு வாசனை. நடுவுல கலர் கலரா சர்ஃப் போர்டுகள். நான் மீன் வாங்கத்தான் போனேன். ஆனா, குழம்புக்கு இல்லை.

'ஃபிஷ்'னு ஒரு போர்டு. குட்டையா, அகலமா, வால் மட்டும் மீன் வால் மாதிரியே ரெண்டாப் பிளந்து இருக்கும். 1967-ல் அமெரிக்காவின் சான் டியாகோவில் ஸ்டீவ் லிஸ் என்ற இளைஞர் முட்டி போட்டு அலையில் போறதுக்காகச் செஞ்சது. 1972-ல் அதே ஊரில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பில் முதல் ரெண்டு இடம் பிடிச்சவங்களும் ஓட்டினது ஃபிஷ்தான்!

குளத்துல ஓட்டாஞ்சில்லு விட்டிருக்கீங்களா? தட்டையா இருக்கிறதாலதான் அது முழுகாம தத்தித் தத்திப் போகுது. ஃபிஷ்ஷும் அப்படித்தான். அலைக்குத் தள்ள வலு இல்லாத நாளில், அந்த அகலமான அடிப்பாகம் தண்ணி மேலயே வழுக்கிட்டுப் போகும். பிப்ரவரியில் நான் போன அன்னிக்கு அலை இடுப்பைத் தாண்டலை. ஃபிஷ்ஷுக்குன்னே பொறந்த நாள்!

ஊருக்குக் கிளம்பும் வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் தன் ஃபிஷ்ஷை 15 ஆயிரத்துக்குத் தர்றதா தகவல். டியூஷன் எடுத்து ரெண்டு செமஸ்டரா சேர்த்த பணம் பாக்கெட்டில். போர்டு 5 அடி 4 இன்ச், மஞ்சள் கலர், சும்மா தகதகன்னு இருந்தது. அடியில் பென்சிலால் '27 லிட்டர்'னு எழுதியிருந்தது. அதை யார் பார்த்தா?

பார்த்தவர், எனக்கு ஒரு வருஷமா 8 அடி ஃபோம் போர்டில் சொல்லிக்கொடுக்கும் மீனவர் அண்ணன். "தம்பி, வெயிட் என்ன?"

"68ண்ணா."

"அப்ப இது உனக்கு போர்டு இல்ல, உட்கார்ற மணை. போய்ப் பார்த்துட்டு வா."

போனேன். 40 நிமிஷம் கை வலிக்கத் துழாவியும் ஒரு அலைகூட மாட்டலை. எல்லாமே எனக்குக் கீழே புகுந்து கரைக்குப் போயிடுச்சு. ஃப்ளூயிட் மெக்கானிக்ஸில் பாஸ் பண்ணினவன் நான், வெட்கமா இருந்தது! 27 லிட்டர் போர்டு ஏறக்குறைய 27 கிலோவைத்தான் தாங்கும். மீதி வெயிட்டுக்கு நம்ம உடம்பே தண்ணிக்குள்ள இறங்கணும். இறங்கினா வேகம் காலி. வேகம் இல்லேன்னா சின்ன அலை நம்மளைக் கண்டுக்கவே கண்டுக்காது.

கரையில நின்ன ஒன்பதாவது படிக்கிற குப்பத்துப் பையன் அதே போர்டை வாங்கிட்டுப் போனான். 45 கிலோ இருப்பான். முதல் அலையிலேயே பறந்தான்!

அடுத்து அண்ணன் தன்னோட 6 அடி ஃபிஷ்ஷைக் கொடுத்தார். 39 லிட்டர். ரெண்டாவது அலையே மாட்டிச்சு. ஆஹா! ஆனா திருப்பணும்னா விளிம்பு தண்ணியில் அமுங்க மாட்டேங்குது. சண்டி மாடு கணக்கா நேராவே போகுது.

அண்ணன் கணக்கு இதுதான்: உயரத்தைப் பார்க்காதே, வெயிட்டைப் பார். ஓரளவு பழகினவங்களுக்கு வெயிட்டில் பாதிக்குக் கொஞ்சம் மேல லிட்டர். கை தேர்ந்தவங்களுக்குப் பாதிக்கும் கீழேயே போதும். எனக்கு 36 பக்கம். அதாவது 5 அடி 10 இன்ச் நீளம், 21 இன்ச் அகலம், ரெண்டரை இன்ச் கனம். நீளம் ஒண்ணா இருந்தாலும் அகலமும் கனமும் மாறினா லிட்டரும் மாறும். இன்னும் போர்டில் எழுந்து நிற்கவே வராதவங்க ஃபிஷ் பக்கமே வராதீங்க. ஃபோம் போர்டுதான் உங்களுக்குத் தோஸ்த்.

மஞ்சள் அழகியைத் திருப்பிக் கொடுத்தப்போ மனசு கொஞ்சம் கனத்தது உண்மை. 15 ஆயிரம் இன்னும் அலமாரியில் பத்திரமா இருக்கு. 5 அடி 10 எங்கேயாவது கண்ணில் பட்டா சொல்லுங்க ஃப்ரெண்ட்ஸ்... கலரை அல்ல, லிட்டரைக் கேட்டுட்டுச் சொல்லுங்க!