மாட்டுக்கு ஏது ஞாயிற்றுக்கிழமை?

ஆவடி என்ற பெயருக்கு 'ஆர்மர்டு வெஹிக்கிள்ஸ் அண்ட் அம்யூனிஷன் டெப்போ ஆஃப் இந்தியா' என்று மூச்சுவிடாமல் விளக்கம் சொல்லும் ஆசாமிகள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. 'ஆ' என்றால் பசு. அது போதும் எனக்கு! டாங்கி தயாரிக்கும் ஊர்தான். ஆனால் ஹாரன் அடித்தால் டாங்கிகூட நகர்ந்துவிடும், நடுரோட்டில் படுத்த மாடு நகராது.

பாடியில் பஸ் ஏறி எம்.டி.எச். ரோட்டில் மேற்கே போனால் முதலில் அம்பத்தூர் எஸ்டேட். 1964-ல் தொடங்கிய தொழிற்பேட்டை. ஒரு பக்கம் லேத் சத்தம், இன்னொரு பக்கம் கண்ணாடி மாளிகையில் கம்ப்யூட்டர் கம்பெனிகள். ஆவடியில் இறங்கிப் பூந்தமல்லி ரோட்டில் திரும்பினால் பருத்திப்பட்டு ஏரி. 2019-ல் இங்கே பூங்கா திறந்தார்கள். அதையும் தாண்டி ஒரு சந்துக்குள் நுழைந்தால்... வைக்கோல் போர், சாணி வாசனை, ஆறு கறவை மாடுகள்!

வீட்டுக்காரர் எஸ்டேட்டில் நாலு லேத் வைத்திருக்கும் பட்டறை முதலாளி. "பேரெல்லாம் போடாதே தம்பி" என்று கேட்டுக்கொண்டதால், அண்ணன் என்றே வைத்துக்கொள்வோம். காலை நாலு மணிக்கு சாணி அள்ளி, மடி கழுவி, பால் கறக்கிறார். ஏழு மணி வரை வாடிக்கைக்கு ஊற்றுகிறார். அம்பத்தூரில் ஆவின் பால்பண்ணையே இருந்தாலும், கறந்த பால்தான் வேண்டும் என்று தூக்குவாளியோடு வருகிறவர்கள் வந்துகொண்டேதான் இருக்கிறார்கள். எட்டரைக்கு அண்ணன் பட்டறையில். மத்தியானக் கறவை, தண்ணி காட்டுவது, தீவனம் எல்லாம் அண்ணி. பட்டறைக்கு முதலாளி அவர், தொழுவத்துக்கு முதலாளி இவர்!

பி.காம். படித்த புத்தி சும்மா இருக்குமா? கணக்குப் போட்டேன். புண்ணாக்கு, தவிடு, வைக்கோல், டாக்டர் செலவு, இரண்டு பேர் உழைப்புக்கும் கூலி... கடைசி வரியில் நஷ்டம்.

அண்ணன் சிரித்தார். "பட்டறையில் பில்லு போட்டா 45 நாள்ல பணம் வரணும்னு 2006-லயே சட்டம் போட்டாச்சு. எனக்குத் தொண்ணூறு நாள் ஆவுது. மாட்டுக்குச் சட்டம் தெரியாது. தினம் ரெண்டு வேளை கொடுத்துடும். 2020 லாக்டவுன்ல பட்டறை மூடிக் கெடந்தப்போ பசங்களுக்குச் சம்பளம் போட்டது யாருன்றே? இந்தம்மாதான்!" என்று ஒரு சிவலையைத் தட்டிக் கொடுத்தார். ஓ.டி. வசதியை பாங்க்காரன் மட்டும்தான் தருவான் என்று நினைத்திருந்தேன்!

இதற்கு வட்டி உண்டு. மாட்டுக்கு ஞாயிறும் இல்லை, தீபாவளியும் இல்லை. இருவரும் ஜோடியாகத் திருப்பதி போய்ப் பதினோரு வருஷம் ஆகிறதாம். சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அவர் போனால் இவர் இல்லை, இவர் போனால் அவர் இல்லை. "சண்டையோன்னு கேக்கறாங்க தம்பி" என்கிறார் அண்ணி.

முன்பு மாடு தானே மேய்ந்து வரும். மேய்ந்த இடமெல்லாம் இப்போது பிளாட். பச்சைப்புல்லையும் காசு கொடுத்துக் கட்டு கட்டாக வாங்க வேண்டியிருக்கிறது. அவிழ்த்துவிடவும் வழியில்லை. 2023-ல் அரும்பாக்கத்தில் பள்ளிச் சிறுமியை மாடு முட்டித் தூக்கியெறிந்ததை டி.வி.யில் பார்த்துப் பதறினோமே! சென்னை மாநகராட்சி தெருவில் திரியும் மாட்டுக்கான அபராதத்தை 2024-ல் 10,000 ரூபாய் ஆக்கியது. நியாயம்தான். ஆனால் மாடு ரோட்டுக்கு வந்ததா, ரோடு மாட்டிடம் வந்ததா என்பதையும் யாராவது விசாரிக்கலாம். பதினோரு மாடு இருந்த கொட்டகையில் இப்போது ஆறுதான்.

பையன் எஸ்டேட்டிலேயே கம்ப்யூட்டர் வேலை. "எல்லாத்தையும் வித்துடலாம்மா, உடம்பு கெடுது" என்கிறான் அக்கறையாக. அண்ணி தவிடு கலக்கிய கையைக்கூட எடுக்கவில்லை.

"நீ மாசம் ஒரு தரம் காசு கொண்டாறே. இது தினம் ரெண்டு தரம் தருது. யாரை விக்கலாம், நீயே சொல்லுடா!"