இரு திசை ஆன்டெனா

1980களில் காயல்பட்டினத்து எங்கள் வீட்டு மாடியில் நின்ற ஆன்டெனா தென்கிழக்கே, கடலுக்கு அப்பால், இலங்கையின் பிதுருதலாகல மலையை நோக்கியிருந்தது. 1982இல் பிறந்த ரூபவாஹினியின் கோபுரம் அம்மலைமீது நிற்கிறது. மலையின் உயரம் 2524 மீட்டர். எங்களுக்கோ அது ஏறக்குறைய 340 கிலோமீட்டர் தொலைவு. பூமியின் வளைவு மறைத்திருக்க வேண்டிய அலைகள்தாம். ஆயினும் கடல்மீது குளிர்காற்றும் வெப்பக்காற்றும் அடுக்காகப் படியும் மாலைகளில் வளைந்து வந்து சேர்ந்தன. மற்ற நாட்களில் திரையெங்கும் புள்ளிமழை.

வாப்பா கொழும்பில் வணிகம் செய்துவந்தார்கள். சிங்களத்தில் ஒரு சொல்லும் அறியாத உம்மா, அந்தச் செய்தியை ஒருநாளும் தவறவிடுவதில்லை. புறக்கோட்டைத் தெரு ஒரு கணம் தெரிந்தால் போதும்.

1980களின் பிற்பகுதியில் கொடைக்கானல் நிலையம் வந்தது. அதன் திசை வடக்கே, சற்று மேற்கு. ‘ஒளியும் ஒலியும்’ பார்க்கும் ஆசையில் குழாயைத் திருப்பினோம். உம்மா ஒன்றும் சொல்லவில்லை. பழைய கோணத்தை மீட்க இரண்டு இரவுகள் பிடித்தன. மாடியில் ஒருவர், படியில் ஒருவர், திரைமுன் ஒருவராக, “தெரியுது, தெரியுது... போச்சு!” என்று தெருவே கேட்கக் கூவினோம்.

பின்னர் இரண்டாவது ஆன்டெனா வாங்கினோம். சிக்கனம் கருதி இரண்டையும் ஒரே கம்பியில் பிணைத்தது எங்கள் அறியாமை. ஒரே அலை இரண்டிலும் முன்பின்னாக நுழைந்து, ஒவ்வொரு முகத்தருகிலும் ஒரு நிழல்முகத்தை நிறுத்திற்று. முடிவில் தனித்தனிக் கம்பிகள் இறக்கி, தொலைக்காட்சிப் பெட்டியருகே ஒரு சுவிட்ச் வைத்தோம்.

அந்தச் சுவிட்ச் உம்மாவின் கைவசமே இருந்தது. வெள்ளி இரவு மட்டும் எங்களுக்கு விட்டுத்தருவார்கள்.