கழுவுற நேரத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்க

சமையலறைக்குன்னு விக்கிற சின்னச் சின்ன சாமான்கள் எல்லாத்துக்கும் ஒரு பொதுக் குணம் இருக்கு. பெட்டி மேல ஒரு பெண் சிரிச்சுக்கிட்டே வெங்காயம் வெட்டுவாங்க. அதே பெண் அந்தச் சாமானைக் கழட்டி, பிளேட்டுக்கு இடையில சிக்கின தோலைப் பழைய டூத்பிரஷ்ஷால நோண்டுற படத்தை எந்தப் பெட்டியிலயும் பார்க்க முடியாது.

கண்டி மணிக்கூண்டுப் பக்கம் நடந்தா இப்படிச் சாமான் விக்கிற கடை நாலஞ்சாவது கண்ணுல படும். போனைத் திறந்தா அதே சாமான் விளம்பரமா வரும். எங்க வீட்டுக்கு இது ஒரு காரணத்தோட வந்துச்சு. அம்மாவுக்கு வலது மணிக்கட்டுல வலி. "கொஞ்ச நாளைக்கு இடியப்பம் புழியாதீங்க, தேங்காய் திருவாதீங்க"ன்னு டாக்டர் சொல்லிட்டார். இலங்கையில ஒரு தமிழ் வீட்டுக்கு இதைவிடப் பெரிய ஊரடங்குச் சட்டம் கிடையாது. அதனால நான், தங்கச்சி, மாமா மகன் மூணு பேரும் சேர்ந்து ஒரு பரிசோதனைக் குழு அமைச்சோம். எங்க மூணு பேருக்கும் நல்லா வர்ற ஒரே சமையல் நூடுல்ஸ்.

விதி நாலு. வேலை முடியுதா? எடுத்து, பூட்டி, செஞ்சு, கழுவி, திரும்ப உள்ள வைக்க மொத்தம் எவ்வளவு நேரம்? கரண்ட் இல்லாட்டியும் ஓடுமா? கடைசியா, அம்மா அதை ரெண்டாவது தடவை கையில எடுப்பாங்களா?

முதல்ல, மேசையில ஒட்டவச்சு கைப்பிடி சுத்துற தேங்காய் துருவி. அடியில ரப்பர் கிண்ணம். வழவழன்னு இருக்குற டைல்ஸ்ல நல்லாப் பிடிச்சுச்சு. எங்க வீட்டு மேசை மரம். மரத்துல நுண்ணிய துளைகள் வழியா காத்து உள்ள போயிடும், ரப்பர் பிடிக்காது. பத்து சுத்துக்குள்ள துருவி மேசை ஓரம் வரைக்கும் நடந்து போயிடுச்சு. மாமா மகன் அதைக் கட்டிப் பிடிச்சுக்க, தங்கச்சி சுத்த, நான் தேங்காயைப் பிடிக்க, ஒரு ஆள் வேலைக்கு மூணு ஆள். அம்மாச்சி வாசல்ல நின்னு பார்த்துட்டு, "கோயில் தேர் இழுக்குறீங்களா?"ன்னு கேட்டாங்க. சமையல் மேடை டைல்ஸுக்கு மாத்தினதும் சரியாச்சு. மணிக்கட்டை மடக்கத் தேவையில்லை, தோள்தான் சுத்துது. பாஸ்.

ரெண்டாவது, சார்ஜ் பண்ணுற குட்டி வெங்காய வெட்டி. உள்ளங்கை அளவு. பட்டனை மூணு செக்கன் அமுக்கினா துண்டு, அஞ்சு செக்கன் அமுக்கினா சட்னி. ஆனா நம்ம சின்ன வெங்காயத்துல வேலையே உரிக்கிறதுதானே? ஒரு கிண்ணம் வெங்காயம் உரிக்க பதினோரு நிமிஷம், வெட்ட மூணு செக்கன், கழுவ நாலு நிமிஷம். வேலையில இருந்த ஒரே சுகமான பகுதியை மெஷின் எடுத்துக்கிச்சு. பெயில்.

மூணாவது, துவக்கு மாதிரி இருக்குற பேட்டரி இடியப்ப மெஷின். இதுலதான் எங்க நம்பிக்கை எல்லாம் இருந்துச்சு. கோதுமை மாவை இளக்கமாக் குழைச்சா நூல் நூலா வந்துச்சு. வறுத்த சிவப்பரிசி மாவைக் கொதிதண்ணி விட்டுக் குழைச்சுப் போட்டதும் மோட்டார் முனக ஆரம்பிச்சு, அப்புறம் அமைதியாகிடுச்சு. தண்ணி கூட்டினா மெஷின் ஓடுது, ஆனா அவிச்சு எடுத்தா தட்டோட ஒட்டிக் களியாகுது. அது வேற ஏதோ ஊர் மாவுக்குப் பழகின மெஷின்.

நாலாவது, பொழுதுபோக்குக்காக ஒரு பபிள் டீ கிட். தாய்வானில் 1980களில் பிறந்த பானம். கறுப்பு முத்துகளைப் பார்த்ததும் அம்மாச்சி, "ஜவ்வரிசிதானேப்பா இது?"ன்னாங்க. சரியாத்தான் சொன்னாங்க, ரெண்டும் மரவள்ளி மாவு. கூடவே ஒரு பாக்கெட் இறக்குமதித் தேயிலைத்தூள். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் தேயிலை போட்ட லூல்கந்துர தோட்டம் கண்டியில இருந்து எட்டுற தூரத்துல இருக்கு. ஹேவாஹெட்ட பக்கம் முப்பது வருஷம் கொழுந்து பறிச்ச அம்மாச்சி ஒரு வாய் குடிச்சிட்டு, கோப்பையை மெதுவாத் தள்ளி வச்சாங்க. அதுவே தீர்ப்பு.

சிரிச்சு முடிச்ச பிறகுதான் யோசனை வந்துச்சு. வேலைக்கு ஆகுற சாமான் எப்படி உருவாகுது? 1955 கடைசியில ஜப்பானில் டொஷிபா கம்பெனி தானியங்கி ரைஸ் குக்கரை விக்க ஆரம்பிச்சது. செஞ்சவர் யொஷிததா மினாமி. ஆனா எவ்வளவு சூடு, எவ்வளவு நேரம்னு திரும்பத் திரும்பச் சோறாக்கிப் பார்த்துக் கண்டுபிடிச்சது அவரோட மனைவி ஃபுமிகோ. வெளிப் பாத்திரத்துல கொஞ்சம் தண்ணி, அது வத்தினதும் சூடு 100 பாகையைத் தாண்டும், உடனே ரெண்டு உலோகம் ஒட்டின தகடு வளைஞ்சு கரண்ட்டை நிறுத்தும். இந்தியாவில சுமீத் மிக்சி வந்த கதையும் இதே மாதிரித்தான். மாதுரி மாத்தூர் வீட்டு வெளிநாட்டு மிக்சி நம்ம அரைப்புக்குத் தாங்காமப் பழுதானதும், பொறியியலாளரான அவரோட கணவர் புதுசா ஒண்ணு செஞ்சார். சமைக்கிறவங்க பேச்சைக் கேட்ட சாமான்தான் வீட்டுல நிலைச்சிருக்கு.

ஆனா நல்ல சாமான் வந்தாலும் வேலை குறையுமா? அமெரிக்க வரலாற்றாசிரியர் ரூத் ஷ்வார்ட்ஸ் கோவன் 1983இல் ஒரு புத்தகம் எழுதினார். "அம்மாவுக்கு இன்னும் அதிக வேலை"ங்கிறது அந்தத் தலைப்போட அர்த்தம். இரும்பு அடுப்பு வந்ததும் விறகு வெட்டுற வேலை குறைஞ்சது, அது ஆம்பளைங்க வேலை. ஒரு பானைச் சமையல் போய் பல பதார்த்தச் சமையல் வந்துச்சு, அது பொம்பளைங்க வேலை. தேயிலைத் தோட்டத்துலயும் அப்படித்தானே? ஃபெக்டரிக்குள்ள வாட்ட, உருட்ட, காய வைக்க எல்லாத்துக்கும் மெஷின் இருக்கு. மலையில கொழுந்து பறிக்கிறது இன்னும் பெரும்பாலும் பெண்களோட விரல்தான்.

எங்க குழுவோட இறுதி முடிவு இது. இடியப்பத்துக்கு வென்றது திருகுற பித்தளை உரல். பல சுத்து சுத்தணும், ஆனா ஒவ்வொரு சுத்துக்கும் கொஞ்ச பலம் போதும், திருகோட சூத்திரமே அதுதான். 2022 மார்ச் கடைசியில 13 மணித்தியாலம் கரண்ட் போன நாள் மாதிரி ஒண்ணு திரும்ப வந்தாலும் அது ஓடும். கழுவ ரெண்டு நிமிஷம்.

ஆனா நாலாவது விதியில அதுக்கும் பூச்சியம்தான். அம்மா அதைக் கையில எடுக்கவே இல்லை. எடுக்க விடலை. திருகுறது மாமா மகன், தட்டுல சுத்துறது தங்கச்சி, தேங்காய் என் பொறுப்பு. முதல் வாரம் வந்த இடியப்பத்தைப் பார்த்து அம்மா, "இலங்கை வரைபடமா?"ன்னு கேட்டாங்க. இப்ப ஓரளவு வட்டமா வருது. அம்மாவோட கை வலி பாதி குறைஞ்சிருக்கு. மணிக்கட்டு சரியானதும் மறுபடி அவங்களே செய்வேன்னு அடம்பிடிக்கிறாங்க. அந்தப் பேச்சுவார்த்தை இன்னும் முடியலை.

நீங்க அடுத்த தடவை ஏதாவது சமையல் சாமான் வாங்கப் போனா, விலையைப் பார்க்க முன்னாடி ஒரே ஒரு கேள்வி கேளுங்க: இதை யார் கழுவப் போறது?